மூன்றாம் அளவு

முத்தியால்பேட்டைப் பள்ளியில்
ஓவிய அறையை ஒழித்துக் கொடுத்தார்கள்.
சுவரில் ஒரு யானை, பாதிவரைக்கும்தான் வண்ணம்.
எடை எந்திரத்தை அதன் காலடியில் வைத்தோம்.

வெறும் வயிற்றோடு வரச்சொல்லிச் சீட்டு போயிருந்தது.
பற்பசை இனிக்குமே, அது கணக்கா
என்று கேட்டாள் ஒருத்தி.
இன்னொருத்தி சட்டைப்பையில்
கடலை மிட்டாயை அமுக்கிக்கொண்டே
ரத்தம் கொடுத்தாள்.

கேலிப்பர், நண்டுக் கொடுக்கு மாதிரி.
தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே மைப்புள்ளி வைத்து
தோலையும் கொழுப்பையும் மட்டும் கிள்ளித் தூக்க வேண்டும்.
தசை வரக்கூடாது.
எதையும் இரண்டு முறை அளக்க வேண்டும்,
ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது.
அளப்பவள் சொல்ல
எழுதுபவள் திருப்பிச் சொல்ல
பிறகே படிவத்தில் ஏற வேண்டும்.
பிழை வராதிருக்க இப்படி ஒரு முறை.

அமலன், ஏழாம் வகுப்பு ஆ பிரிவு.
பள்ளி அணியின் கோல்கீப்பர்.
நின்றாலே பாதி வலை மறையுமென்று
நிறுத்திவைத்திருக்கிறார்களாம், அவனே சொன்னான்.
இடுப்பைச் சுற்றி நாடாவைப் போட்டேன்.
எண்பத்தேழு புள்ளி நாலு, என்றேன்.
எண்பத்தேழு புள்ளி நாலு, என்றாள் வேதவல்லி.
சன்னல் கம்பியில்
ஐந்தாறு தலைகள் தொங்கியதை
நாங்கள் இருவருமே பார்க்கவில்லை.

சாப்பாட்டு மணி அடித்ததும் மைதானத்திலிருந்து ஒரு குரல்:
டேய் எண்பத்தேழு!
தூரத்திலிருந்து இன்னொன்று, ஒத்து ஊதுவது போல:
புள்ளி நாலேய்!

நீளாத நாடா வேண்டுமென்று
கடை கடையாய்த் தேடி வாங்கியது அது.
நாடா நீளவில்லை.
எங்கள் குரல்தான் நீண்டுபோயிருந்தது.

மறுவாரம் கழுத்து ஸ்கேனுக்கு
அம்மாவோடு வந்தான்.
பெட்ரோல் பங்க் சீருடையிலேயே வந்திருந்தாள்,
உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.
இந்தப் பிடரிக் கருப்பு மட்டும் போவேனாங்குது மேடம்,
பீர்க்கங்கூட்டால் தேய்க்காத நாளில்லை.
அழுக்கில்லைம்மா அது,
உடம்பு சர்க்கரையோடு மல்லுக்கட்டும்போது
இப்படித் தோலில் காட்டும், என்றேன்.
அவள் கட்டைவிரல்
தோலுரிந்து சிவந்த இடத்தைத் தொட்டது.
அப்ப நான் தேச்சதெல்லாம்...
மேலே பேசவில்லை.

அவன் கழுத்தில் பசை தடவினேன்.
சில்லுன்னு இருக்கு, என்று நெளிந்தான்.
திரையில் ரத்தக்குழாயின் சுவர், ஒரு கோடு,
அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக.
அவனுக்கு நாற்பது வயதாகும்போது
எது நேரலாம், எது நேராமலிருக்கலாம் என்பதை
பன்னிரண்டு வயதுக் கோட்டில்
எழுத்துக்கூட்டிப் பார்க்கிறோம்.
ஒலியைத் திறந்ததும் கண்ணை விரித்தான்.
யாரு ஓடுறது?
உன் ரத்தம்தான்.
நான் சும்மாதானே படுத்திருக்கேன்?

வேதவல்லி பெரிய மார்க்கெட்டில்
ஆறு மீட்டர் துணி வாங்கி வந்திருந்தாள்.
திரைச்சீலைக்கு எந்தத் தலைப்பிலும் பணம் கிடையாது,
'இதர' என்று எழுதினோம்.
இப்போது நான் வாய் திறப்பதில்லை.
அவளே குனிந்து முள்ளைப் பார்த்து
ஓசையில்லாமல் குறித்துக்கொள்கிறாள்.
முறைப்படி இது தப்பு.

அமலனுக்கு இடுப்பை மறுபடி அளந்தோம்.
முதல் அளவு ஒன்று, இரண்டாவது வேறு.
இரண்டாம் தடவை வயிற்றை எக்கியிருந்தான்,
விலா எலும்பு தெரிந்தது.
மூச்சை விடு தம்பி.
விட்டா ஏறிடும்க்கா.
ஏறட்டும். யார் காதுக்கும் போகாது.

சன்னலைப் பார்த்தான்.
கடற்காற்றில் திரை ஒருமுறை உப்பி
மெல்லக் கம்பியோடு ஒட்டிக்கொண்டது.
பிறகுதான் விட்டான்,
எத்தனை நாளாய்ப் பிடித்துவைத்த மூச்சோ.
வயிறு வந்து
நாடாவின் மேல் சாய்ந்தது.

வேதவல்லி குனிந்தாள்.
பேனா மட்டும் கொஞ்சம் கீறிச் சத்தமிட்டது.